வறுமை, வன்முறை, குழந்தை மனம்

(பயிற்சி நிலை அலுவலர்களும் பல்கலைக் கழக மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

கலவரம் ஓய்ந்தபின் மாவட்ட நிர்வாகம் எடுக்கும் கணக்கில் பல இனங்கள் உண்டு. இறந்தோர் எத்தனை பேர், காயமுற்றோர் எத்தனை பேர், எரிந்த வீடுகள் எத்தனை, அழிந்த கடைகளின் மதிப்பு என்ன என்பன அதில் இடம்பெறும். உடலில் காயமேதும் இன்றி உயிர் தப்பிய குழந்தை அந்தக் கணக்கில் எந்த இனத்திலும் சேர்வதில்லை. அதற்குத் தீக்காயம் இல்லை. அதன் பெயரில் வீடோ கடையோ இல்லை. ஆயினும், நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டும் ஓசை கேட்டு அலறி எழுவது அந்தக் குழந்தையே. பள்ளியில் கரும்பலகையைப் பார்த்தவாறே எதையும் மனத்தில் வாங்காது அமர்ந்திருப்பதும் அந்தக் குழந்தையே.

ஏழைக் குடும்பத்துக் குழந்தையாயின் இந்தத் துன்பம் பன்மடங்காகிறது. வறுமையும் வன்முறையும் தனித்தனியே குழந்தையின் மனத்தைத் தாக்க வல்லவை. இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது, ஒன்று உண்டாக்கிய காயத்தை மற்றொன்று ஆறவிடுவதில்லை. ஆகவே, இதனை மருத்துவமனைக்கு மட்டுமே உரிய பிரச்சினையாகக் கருதிவிடலாகாது. நிவாரணத் தொகை எந்த நாளில் கைக்கு வருகிறது, பள்ளி எந்த வாரத்தில் திறக்கப்படுகிறது, தாய்க்கு எத்தகைய வேலை தரப்படுகிறது என்பனவும் குழந்தையின் மனநலத்தைத் தீர்மானிக்கும் செயல்களே ஆகும்.

நாடு ஏற்றுக்கொண்ட பொறுப்பு

குழந்தைகள் ஆரோக்கியமான முறையிலும், சுதந்திரமும் கண்ணியமும் நிறைந்த சூழ்நிலையிலும் வளர்வதற்கு வாய்ப்பும் வசதியும் அளிக்கப்பட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவு கூறுகிறது. 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம் அப்பிரிவுக்கு இந்த விரிவைத் தந்தது. அதற்கு முன்பே, 1974 ஆகஸ்டில், குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. உணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த அங்கன்வாடி, பின்னர் நாடெங்கும் பரவியது.

மனநலத் துறையிலும் இத்தகைய முயற்சிகள் நடைபெற்றன. 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம், கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாயிலாக மனநலச் சிகிச்சை அளிக்க இயலும் எனச் செய்து காட்டியது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவே ஆக்கிவிட்டது.

எனினும், குழந்தைகள் நலம் ஒரு துறையிலும், மனநலம் வேறொரு துறையிலும், கலவர நிவாரணம் மற்றொரு துறையிலும் நிற்கின்றன. குழந்தையோ இம்மூன்றுக்கும் இடையே நிற்கிறது.

பிரச்சினையின் அளவு

பெங்களூர் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. நாற்பது மாணவர்கள் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ மூவர் என்பது இதன் பொருள்.

வறுமை குறைந்து வருவது உண்மை. நிதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, வறியோர் விகிதம் 2015–16இல் 24.85 சதவீதமாக இருந்து 2019–21இல் 14.96 சதவீதமாயிற்று. ஆனால், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விகிதம் அதே காலத்தில் 38.4 சதவீதத்திலிருந்து 35.5 சதவீதத்துக்கே இறங்கியது எனத் தேசியக் குடும்ப நல ஆய்வுகள் தெரிவித்தன. வீட்டின் நிலை உயர்ந்த அளவுக்குக் குழந்தையின் வளர்ச்சி உயரவில்லை என்பது இவ்விரு எண்களையும் ஒப்பிடுவோருக்கு விளங்கும்.

வறுமை செயற்படும் முறை

ஏழைப் பெற்றோர் தம் குழந்தைகளிடம் குறைந்த அன்பு உடையவர் என எண்ணுவது பெரும் பிழை. வறுமை குறைப்பது அன்பை அன்று; அதனைச் செலுத்துவதற்கான நேரத்தையும் அமைதியையும் அது பறித்துக்கொள்கிறது. நாளைய அரிசிக்கும், வட்டிக்கும், வாடகைக்கும் ஓயாது கணக்கிடும் மனத்தில் வேறு எதற்கும் இடம் குறுகிவிடுகிறது. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. அறுவடைக்கு முன் கைப்பணம் இல்லாத நாட்களில் அறிவுத் தேர்வில் குறைந்த திறனைக் காட்டிய அதே விவசாயிகள், அறுவடைப் பணம் வந்தபின் கூடுதல் திறனைக் காட்டினர். மனிதர் மாறவில்லை, கவலையின் சுமையே மாறியது. பெற்றோரின் இந்தச் சுமையைச் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு.

வறுமையினால் மனநலம் கெடுகிறதா, அல்லது மனநலக் குறைவு உள்ள குடும்பங்கள் வறுமையில் வீழ்கின்றனவா என்னும் வினா நெடுங்காலமாக இருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1993இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தந்தது. அங்கு 1,420 குழந்தைகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு வந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் செரோக்கிப் பழங்குடியினர். ஆய்வின் இடையில் பழங்குடியினரின் நிலப்பகுதியில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, அதன் இலாபத்தில் ஒரு பங்கு பழங்குடிக் குடும்பங்கள் அனைத்துக்கும் வழங்கப்பட்டது. எந்தக் குடும்பமும் தன் முயற்சியால் ஈட்டாத வருமானம் அது. வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களின் குழந்தைகளிடையே முரட்டுத்தனமும் அடங்காமையும் குறைந்து, என்றும் வறுமை அறியாத குழந்தைகளின் நிலைக்கு வந்துவிட்டன. பெற்றோருக்குக் குழந்தைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே இதற்கு முக்கிய காரணம் என 2003இல் வெளியான முடிவுகள் கூறின. ஆனால், அச்சமும் மனச்சோர்வும் அவ்வாறு குறையவில்லை. பணம் தேவை, பணம் மட்டுமே போதாது என்னும் இரு உண்மைகளும் இந்த ஓர் ஆய்விலேயே அடங்கியுள்ளன.

வன்முறை செயற்படும் முறை

ஆபத்து நேரும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகிறது. இதயத் துடிப்பு மிகுகிறது. கண்ணும் காதும் கூர்மையடைகின்றன. ஆபத்து நீங்கியபின் இந்த எழுச்சி தணிய வேண்டும். வன்முறை மீண்டும் மீண்டும் நிகழும் இடத்தில் வாழும் குழந்தைக்கு அது தணிவதே இல்லை. உறக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, சிறு ஓசையும் அச்சுறுத்துகிறது. பாடத்தில் செல்ல வேண்டிய மனம் வாயிற்படியில் காவல் நிற்கிறது.

நேரில் கண்ட குழந்தைக்கே இது நேரும் என்பதும் இல்லை. சிகாகோ நகரக் குழந்தைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், தம் குடியிருப்பில் ஒரு கொலை நிகழ்ந்த சில நாட்களுக்குள் தேர்வு எழுத நேர்ந்த கறுப்பினக் குழந்தைகள், சொல்லறிவிலும் வாசிப்பிலும் குறைந்த மதிப்பெண் பெற்றனர். கொலையைப் பார்த்தவர், பார்க்காதவர் என்ற வேறுபாடின்றிச் சுற்றுப்புறத்தில் பரவிய அச்சமே போதுமானதாக இருந்தது.

குழந்தையைக் காப்பது எது என்பதற்கும் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான லண்டன் நகரில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்ட், தாயுடனோ, பழகிய பெரியவருடனோ இருந்த குழந்தைகள் குண்டுவீச்சைப் பெரிதும் தாங்கிக்கொண்டதையும், பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் பாதுகாப்பான இடத்திலும் வாடியதையும் கண்டார். நிலையான ஒரு பெரியவரின் துணையே குழந்தைக்கு முதல் அரண் என்பது இதனால் பெறப்படும். வறுமையும் வன்முறையும் சேர்ந்து தாக்கும்போது அந்த அரணே இடிந்துவிடுகிறது.

தில்லி தந்த அனுபவம்

இந்தியாவில் இதற்கு வருந்தத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1984 அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். அதனைத் தொடர்ந்து நவம்பரின் முதல் நாட்களில் தில்லியில் சீக்கியர்மீது கொடிய வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த குழு 1987இல் கணக்கிட்டது. திரிலோக்புரி, சுல்தான்புரி, மங்கோல்புரி ஆகிய இடங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 1970களின் இடைப்பகுதியில் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்காக அமைந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இவை. கயிற்றுக் கட்டில் பின்னுவோர், ஆட்டோ ரிக்ஷா ஓட்டுவோர், சுமை தூக்குவோர் போன்றோர் அங்கு வாழ்ந்தனர். அன்றாட உழைப்பால் குடும்பத்தைத் தாங்கிய ஆடவர்களே பெரும்பாலும் பலியாயினர்.

குழந்தைகளின் நிலை என்ன? தந்தையின் மரணத்தைக் கண்ணால் கண்டவர் பலர். வீடு எரிந்தது, முகாம் வாழ்க்கை வந்தது, பின்னர் மேற்குத் தில்லியின் திலக் விஹார் போன்ற இடங்களில் விதவைத் தாய்மார்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளில் புது வாழ்க்கை தொடங்கியது. பழகிய தெரு இல்லை; பழைய பள்ளி இல்லை; விளையாட்டுத் தோழர் இல்லை. தாய்மார் பலருக்கு அரசு அலுவலகங்களில் கடைநிலைப் பணிகள் வழங்கப்பட்டன. அது அவசியமான உதவியே. ஆனால், அதுவரை வீட்டில் இருந்த தாய், தன் துயரம் ஆறும் முன்பே காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பலானார். அந்த இடைநேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நிவாரணத் திட்டத்தில் போதிய இடம் பெறவில்லை. அங்கு வளர்ந்த இளைஞர்களில் பலர் படிப்பை இடையில் விட்டதும், சிலர் போதைப் பழக்கத்துக்கு இரையானதும் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் செய்திகள்.

சுல்தான்புரியில் உயிர் தப்பியோரிடையே பணியாற்றிய தில்லிச் சமூகவியலாளர் வீணா தாஸ் போன்றோர், குழந்தைகளின் துயரத்துக்குச் செவிசாய்க்க வேண்டியதன் அவசியத்தை அந்நாளிலேயே எழுதினர். நிர்வாகத்தின் கால அட்டவணையோ வேறு விதமாக இருந்தது. தந்தையை இழந்தபோது ஆறு வயதாயிருந்த ஒரு குழந்தையைக் கருதலாம். தொடக்கத்தில் ஓர் உயிரிழப்புக்கு வழங்கப்பட்ட உதவித்தொகை 20,000 ரூபாயைத் தாண்டவில்லை. தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பினால் 1996இல் அது 3.5 இலட்சமாக உயர்ந்தபோது அக்குழந்தைக்கு வயது 18. மத்திய அரசு 2006இல் மேலும் 3.5 இலட்சம் அறிவித்தபோது வயது 28. 2014இல் மேலும் 5 இலட்சம் அறிவிக்கப்பட்டபோது வயது 36. இவ்வழக்குகளுள் ஒன்றில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 2018 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது வயது 40. பணமும் நீதியும் வந்து சேர்ந்தன. அவை தேவைப்பட்ட குழந்தைப் பருவம் அதற்குள் கடந்துவிட்டது.

ஆசிரியர் காணும் அறிகுறிகள்

மனத்தில் காயமுற்ற குழந்தை அதனைச் சொற்களால் கூறுவது அரிது. சிறு குழந்தை படுக்கையை நனைக்கும். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே திரியும். கண்ட காட்சியையே திரும்பத் திரும்ப விளையாட்டாக ஆடும். பள்ளி வயதுக் குழந்தை காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி என்று கூறும், பாடத்தில் பின்தங்கும். வளரிளம் பருவத்தினர் ஒதுங்கியிருப்பர், அல்லது அற்பக் காரணத்துக்காகச் சண்டையிடுவர். இவற்றை மந்தம் என்றும் அடங்காமை என்றும் பெயரிட்டுத் தண்டிக்கும் வகுப்பறை, அறியாமலே காயத்தின்மீது காயம் சேர்க்கிறது.

அதே வேளையில், துன்பம் கண்ட எல்லாக் குழந்தைகளும் நோயாளிகள் ஆகிவிடுவதில்லை. உணவும், உறக்கமும், பள்ளியும், பரிவுள்ள ஒரு பெரியவரும் கிட்டுமாயின் பெரும்பாலோர் மீண்டுவிடுகின்றனர். ஒரு சிலருக்கே மருத்துவரின் உதவி தேவைப்படும். ஏழைக் குழந்தைகள் வன்முறையாளராகவே வளர்வர் என்னும் கருத்துக்கும் ஆதாரமில்லை; அக்கருத்தே அவர்களுக்கு இழைக்கப்படும் மற்றோர் அநீதியாகும்.

நாளந்தா தரும் பாடம்

மனநல மருத்துவர் குறைவாக உள்ள நாட்டில் இப்பணியை யார் செய்வது என்னும் வினாவுக்குப் பீகாரின் நாளந்தா மாவட்டம் ஒரு விடை தந்துள்ளது. சேஹர் எனப்படும் திட்டம் அங்குள்ள 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. சில பள்ளிகளில் மருத்துவப் பட்டம் ஏதும் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் நியமிக்கப்பட்டார். சில பள்ளிகளில் அதே பணி ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடத்திட்டம் மட்டுமே நடைபெற்றது. மாணவர் தம் குறைகளை எழுதிப் போடும் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, குழு விவாதங்கள், தனி ஆலோசனை ஆகியவையே திட்டத்தின் உள்ளடக்கம்.

2018இல் வெளியான முடிவுகளின்படி, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும், மாணவர் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆசிரியர்கள்மீது இதனால் குறை கூறுதல் பொருந்தாது. பாடமும், தேர்வும், பிற அரசுப் பணிகளும் நிறைந்த ஒருவரின் தலையில் மேலும் ஒரு சுமையை ஏற்றினால் அது சுமையாகவே நின்றுவிடும். குழந்தையின் பேச்சைக் கேட்பதையே தம் முழுப் பணியாகக் கொண்ட ஒருவர் பள்ளியில் வேண்டும் என்பதே இதன் பாடம்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

கலவரம் பாதித்த பகுதியில் பொறுப்பேற்கும் அலுவலர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, முகாமில் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது. பெற்றோரை இழந்த குழந்தை தனக்குப் பழகிய உறவினரிடம் இருத்தல் நலம். இரண்டாவதாக, முகாமின் முதல் வாரத்திலேயே, மரத்தடியிலாயினும், வகுப்பும் விளையாட்டும் தொடங்க வேண்டும். குறித்த நேரத்தில் மணி அடிப்பதே சிதறிய வாழ்க்கைக்கு ஒழுங்கைத் திருப்பித் தருகிறது. மூன்றாவதாக, தாய்க்கு வேலை ஆணை வழங்கும் நாளிலேயே குழந்தைக் காப்பகத்துக்கும் ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். நான்காவதாக, உதவித்தொகை சிறிதாயினும் விரைவாகவும் தவணை தவறாமலும் வர வேண்டும்.

இவற்றுக்கு வேண்டிய சட்டமும் அமைப்பும் ஏற்கெனவே உள்ளன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், உள்நாட்டுக் கலவரத்தாலும் ஆயுத மோதலாலும் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என வரையறுக்கிறது. அத்தகைய குழந்தையின் நலனைக் காக்கும் பொறுப்பை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கிறது. வன்முறையில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் கல்விக்கு உதவுவதற்கென வகுப்பு நல்லிணக்கத்துக்கான தேசிய அறக்கட்டளை 1992இல் நிறுவப்பட்டது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். துயருற்ற குழந்தைக்காக 1098 என்னும் எண் உள்ளது.

இத்தனை இருந்தும் குறைவது ஒரு பதிவேடு. கலவரம் நிகழ்ந்த பகுதியில் 18 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதி, அது பள்ளிக்குத் திரும்பியதா, யாருடைய பராமரிப்பில் உள்ளது, அந்தப் பராமரிப்பாளரின் வருமானமும் உடல், மன நிலையும் எவ்வாறு உள்ளன என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்துவர வேண்டும். குழந்தைக்கு 18 வயது நிறையும்வரை அப்பதிவேடு மூடப்படலாகாது. ஆட்சியர் மாறலாம்; வட்டாட்சியர் மாறலாம்; பதிவேடு அடுத்தவர் கைக்குச் செல்ல வேண்டும். எரிந்த வீட்டுக்கு மதிப்பீடு எழுதும் அதே நாளில், அதே அலுவலர், அதே வீட்டுக் குழந்தையின் பெயரையும் எழுதிக்கொள்வாராயின், 1984இல் ஆறு வயதாயிருந்த குழந்தைக்குக் காலம் கடந்து வந்த உதவி, இனி வரும் குழந்தைக்குக் காலத்தோடு வந்து சேரும்.